பாதி மருந்துக்கு ஒரு முழுத் தம்

ராஜபாளையத்தில் நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேவதானத்திலிருந்து வந்த ஒரு ஆச்சி என்னைத் திட்டினாள். நியாயமான திட்டுத்தான். எண்பதுகளின் நடுவில் நடந்தது அது. ஒரு சின்ன நர்சிங் ஹோம். அதன் மாடிப்படிக்குக் கீழே என் எக்ஸ்ரே அறை. ஆச்சியை நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்துவிட்டு, படித்த இடத்தில் சொல்லிக்கொடுத்தபடியே, “மூச்சை நல்லா இழுங்க, அப்படியே அடக்குங்க” என்றேன். ஆச்சி பலகையை விட்டுத் திரும்பிவிட்டாள்.

“ஏட்டி, எம் மூச்சு அடங்கணும்னா நான் இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தேன்? அது வீட்டுலயே அடங்கிருமே! நல்ல வார்த்த ஒண்ணும் ஒன் வாயில வராதா?”

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ‘விடிகாலையில மூச்சு அடங்கிட்டு’ என்றுதான் சொல்லியனுப்புவார்கள். அந்த வார்த்தையைப் போய் நோயாளியிடம் சொல்லியிருக்கிறேன். புத்தகம் எழுதியவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து “தம் கட்டுங்க” என்று மாற்றிக்கொண்டேன். கிணற்றில் முங்குகிறவன், சடுகுடு பாடுகிறவன், பஞ்சுப் பொதி தூக்குகிறவன் என்று எல்லோருக்கும் தம் கட்டத் தெரியும். தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்து வருகிற பெண்களிடம் “ஊப்பிரி” என்று, மூச்சுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையில் ஆரம்பித்து மீதியைக் கையால் காட்டுவேன். அவர்கள் என் தெலுங்கைக் கேட்டுச் சிரித்து முடிப்பதற்குள் படம் எடுக்கும் நேரம் போய்விடும். அது வேறு பாடு.

இதை என் அண்ணனிடம் சொன்னது நான் செய்த தப்பு. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு பல வருஷம், எப்போது என்னைப் பார்த்தாலும், “என்னட்டி, இன்னைக்கு எத்தன பேரு மூச்ச அடக்குன?” என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

அந்த அறையில் நெஞ்சுப் படத்தைவிட எனக்குப் பிடித்தது கிட்னிப் படம்தான். அதற்கு நரம்பில் ஒரு ஊசி போட வேண்டும். டாக்டர்கள் அதை ‘டை’ என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஊசியில் போவதெல்லாம் மருந்துதான். எந்த நோயையும் அது தீர்க்காது. படத்தில் தெரியாத ஒன்றைத் தெரியவைக்கும், அவ்வளவே. உள்ளே போனதும் உடம்பெல்லாம் சூடு பரவும். சிலர் வாந்தி எடுப்பார்கள், சிலருக்குத் தடிப்புத் தடிப்பாக எழும்பும். நான் ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் அவர்கள் கையுமாக நிற்பேன். பிறகு இருட்டறைக்குள் போய், சிவப்பு விளக்கில், பிலிமை மருந்துத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே பார்த்தால், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிறுநீரகங்கள் மெல்லத் துலங்கி வரும். எத்தனை நூறு தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். இதற்குப் போய்ச் சம்பளம் கொடுக்கிறார்களே என்றுகூட நினைத்திருக்கிறேன். அந்தச் சம்பளத்தைப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி அண்ணனைப் பற்றி. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினி வீட்டுப் பக்கமே குடிபோய்விட்டான். மதினியின் அப்பாவுக்குப் பால்கோவா அடுப்பு இருந்தது. தினமும் பஸ்ஸில் வந்து ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

சின்ன வயதில் சுந்தரபாண்டியத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அண்ணன் படியிலிருந்து குதித்து அடிவரைக்கும் போய்விடுவான். அவன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்து, போதும் என்று தோன்றும்போது “போதும்ணே, வா” என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் வருவான். கூப்பிட்டும் ஒருநாளும் வந்ததில்லை. தண்ணீர் அசையாமல் கிடக்கும். நான் மறுபடியும் கூப்பிடுவேன். எனக்கு அழுகை வந்த பிறகுதான் அவன் தலை மேலே வரும், பல்லெல்லாம் தெரிய.

“தண்ணிக்குள்ள இருக்க ஒனக்கு நான் அழுறது எப்படித் தெரியும்?”

“தண்ணிக்குள்ள எல்லாம் கேக்கும்ட்டி.”

பொய். ஒருநாள் நானே படியில் உட்கார்ந்து தலையை முக்கிப் பார்த்தேன். காதுக்குள் இரைச்சல் தவிர ஒரு மண்ணும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை, திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பார்க்கப் போனோம். திருவண்ணாமலை என்றால் எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைதான். கூட்டத்தோடு படியேறும்போது பாதியில் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றான். மூக்கிலிருந்து ரத்தம் வந்து வேட்டியில் சொட்டியது. கீழே கொண்டுவந்து பார்த்தால் பிரஷர் எங்கேயோ நின்றது. மாத்திரை போட்டார்கள், இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள்; அப்போதும் இறங்கவில்லை.

வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தபோதுதான் காரணம் கொஞ்சம் தெரிந்தது. வலது சிறுநீரகம் சுருங்கி, இருந்தும் இல்லாத கணக்காகிவிட்டது. இடது பக்கத்து ஒன்றுதான் ஆளைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் போகிற ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது என்றும் சொன்னார். மதினி அன்றைக்கே குழம்பில் உப்பை நிறுத்திவிட்டாள்.

அடைப்பைக் குழாய் விட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்கு நான் ஊசியில் பார்த்துப் பழகின அதே ஜாதி மருந்து நிறையப் போக வேண்டும். ஏற்கெனவே நொந்திருக்கிற அந்த ஒற்றைச் சிறுநீரகம் அதிலேயே படுத்துவிட்டாலும் படுத்துவிடும் என்றார் எங்கள் நர்சிங் ஹோம் டாக்டர். பார்க்காமல் விட்டால் அடைப்பு அதைத் தின்றுவிடும். பார்க்கப் போனால் மருந்து தின்றுவிடும். நான் என் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே சிவப்பு விளக்கு எரிந்ததால் யாரும் திறக்கவில்லை.

மதுரையில் காந்தத்தால் படம் எடுக்கும் மெஷின் வந்திருக்கிறது, அதில் ரத்தக்குழாயைத் தனியாக எடுத்துக் காட்டுகிறார்கள் என்று எங்கள் டாக்டர்தான் விசாரித்துச் சொன்னார். போனோம். அங்கே படம் பார்க்கும் டாக்டரம்மா என் வயதுதான் இருப்பாள். என் வேலை என்ன என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

“இதுக்கும் ஒரு மருந்து ஊசியில போடணும்” என்றாள். “உங்க டை மாதிரி கிடையாது, வேற. ஆனா இதுவும் கிட்னி வழியாத்தான் வெளியே போயாகணும். இவருக்கு இருக்கறது ஒண்ணு. அதனால வழக்கமா போடறதுல பாதிதான் போடப்போறேன்.”

“பாதியில படம் விழுமா டாக்டர்?”

“விழும், ரெண்டு விஷயம் சரியா இருந்தா. மருந்து அந்தக் குழாய்ல நிறைஞ்சு நிக்கறது கொஞ்ச நேரம்தான். மெஷின் அந்த நேரத்துலதான் பாக்கணும். முழு அளவு போட்டா, முன்னே பின்னே ஆனாலும் சமாளிச்சிடலாம். பாதின்னா அந்த நேரமும் குறைஞ்சிடும். அதனால முதல்ல துளியூண்டு போட்டு, அது கையில இருந்து வயித்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துக்கறேன். அது என் வேலை. மூச்சு விடாம அசையாம இருக்கறது அவர் வேலை. மூச்சு விட்டா வயிறு ஏறி இறங்கும், படம் கலங்கிடும். கலங்கிட்டா இன்னொரு தடவை மருந்து போடமாட்டேன்.”

போடமாட்டேன் என்று அவள் சொன்ன விதத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பயமும் வந்தது.

ஒரு வாரம் தவணை கொடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அந்த ஒரு வாரமும் சாயங்காலம் அண்ணனைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தம் கட்டப் பழக்கினேன். பீடியை அப்போதுதான் விட்டிருந்தான்.

“தம் அடிக்காதன்னு சொன்னீய, விட்டுட்டேன். இப்ப தம் கட்டுன்னு சொல்லுதீய” என்றான்.

மதினிக்கு வேறு கவலை. அடுப்படியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்: “பாதி மருந்து போட்டா பாதிப் படந்தான வரும்? இடுப்புக்கு மேலயா, கீழயா? கிட்னி எந்தப் பாதியில இருக்கு?”

சிரித்துவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது தலையாட்டலிலேயே தெரிந்தது. பால் பாதியானால் கோவா பாதி என்பது பிறந்ததிலிருந்து அவள் பார்த்த கணக்கு.

குறித்த நாளில் மதுரைக்குப் போனோம். அண்ணனின் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள். மதினி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மெஷின் சத்தம் பலமாக இருக்கும் என்று காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். அண்ணன் அதை விரலால் பிரித்து இழுத்துப் பார்த்தான்.

“கழிவுப் பஞ்சு” என்றான். “எங்க மில்லுல பெருக்கித் தள்ளுறது.”

தொழில் முறையில் என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் நிற்க விட்டார்கள். மதினி வாசல் ஓரத்தில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வெள்ளைக் குழாய். அதற்குள் தலையிலிருந்து முழங்கால் வரை போய்விட்டான் அண்ணன். பாதம் மட்டும் தெரிந்தது. மெஷினை ஓட்டுகிறவர் சென்னைப் பக்கத்து ஆள், பொறுமையான மனுஷர். மருந்து போடுவதற்கு முன் சும்மா ஒரு படம் எடுத்து மூச்சை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மைக்கை அழுத்தினார்.

“ஐயா, மூச்சை நல்லா இழுங்க. அப்படியே மூச்சை அடக்குங்க.”

அதே வார்த்தை. வாசலிலிருந்து மதினி பாய்ந்து வந்துவிட்டாள்.

“என்ன வார்த்த சொல்லுதீய! எம் வீட்டுக்காரரப் பாத்தா மூச்ச அடக்கச் சொல்லுதீய? நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கேன்!”

பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார். நான் மதினியைப் பிடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். படம் அலை அலையாகக் கலங்கிப்போய் இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் அண்ணனின் கால் இரண்டும் ஆடுகின்றன. வலிப்போ என்று டாக்டரம்மா பதறி எழுந்தாள். வலிப்பு இல்லை. உள்ளே கிடந்து சிரிக்கிறான். தேவதானத்து ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு.

மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். ‘மூச்சை’ என்று ஆரம்பித்ததுமே கால் மறுபடி ஆடியது.

“இப்படிச் சிரிச்சா மருந்து வீணாப்போயிடும்” என்றாள் டாக்டரம்மா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “முழு அளவு போட்டாலும் பிரயோஜனமில்ல, பாதி எங்க? இவருக்கு வேற ஒரு நாள் பாக்கலாமா?”

வேறு ஒரு நாள் வரைக்கும் அந்தப் பிரஷர் பொறுக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆச்சி கதையை அவளிடம் ஓட்டமாகச் சொல்லி முடித்தேன். அவள் மைக்கை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்களே சொல்லுங்க” என்றாள்.

பட்டனை அழுத்தினேன். “அண்ணே, நான்தான். சிரிக்காத. நம்ம கிணறுன்னு நெனச்சுக்கோ. நான் மேல நிக்கேன். தம் கட்டுன்னு சொன்னா முங்கு. போதும்ணே, வான்னு சொன்னா வா.”

கால் ஆடுவது நின்றுவிட்டது.

முதலில் அந்தத் துளி மருந்து. அதற்குத் தம் கட்ட வேண்டியதில்லை. திரையில் வயிற்றின் குறுக்குவெட்டு, சாம்பல் நிறத்தில், திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. முதுகெலும்புக்கு முன்னால் ஒரு சின்ன வட்டம். அதுதான் பெரிய ரத்தக்குழாய் என்று டாக்டரம்மா தொட்டுக் காட்டினாள். இருட்டாகவே இருந்தது. இருட்டாகவே இருந்தது. பிறகு அந்த வட்டத்துக்குள் வெளிச்சம் வந்தது. வந்து, கொஞ்சம் நின்று, மங்கிப் போனது.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். முழங்கையில் போட்ட அந்தத் துளி, நெஞ்சுக்குப் போய், நுரையீரலுக்குள் போய்ச் சுற்றி, மறுபடி நெஞ்சுக்கு வந்து, அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. அதை நான் நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன். கத்தியில்லை, குழாய் விடவில்லை. இத்தனை வருஷம் எலும்பையும் நிழலையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என் அண்ணனின் ரத்தம் நடந்து வருவதைக் காட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் கும்பிட வேண்டும்போல இருந்தது. டாக்டரம்மா அதற்குள் அந்த நேரத்தை எழுதிக் கணக்குப் போட்டுவிட்டாள். “இவர் ரத்தம் கொஞ்சம் நிதானமா வருது. நல்லவேளை பாத்தோம். வழக்கம்போல ஆரம்பிச்சிருந்தா மருந்து வர்றதுக்கு முந்தியே எடுத்திருப்போம்” என்றாள்.

ஊசி போடுகிறவர் உள்ளே போனார். பாதி மருந்து. அதன் பின்னால் தள்ளிவிட உப்புத் தண்ணீர். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள். கையை இறக்கினதும் நான் சொல்ல வேண்டும். இறக்கினாள்.

“அண்ணே, தம் கட்டு.”

மெஷின் இரைய ஆரம்பித்தது. கண்ணாடி அதிர்ந்தது. அண்ணனின் பாதங்கள் அசையவில்லை. எனக்குச் சுந்தரபாண்டியத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் கண்ணுக்கு முன்னால் கிடந்தது, அசையாமல். மதினி முந்தானை முடிச்சை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நானும் தம் கட்டியிருக்கிறேன் என்பது நெஞ்சு வலித்தபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு தம் போதவில்லை என்றால் எங்களுக்கு வேறு வழியில்லை.

சத்தம் நின்றது. டாக்டரம்மா என் தோளைத் தட்டினாள், சொல்லுங்க என்று. பட்டனை அழுத்தினேன். ‘போதும்ணே’ என்று சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அந்தக் காலத்தைப் போலவே அழுகைதான் வந்தது. மைக் திறந்தே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் பெரிதாக மூச்சு விட்டது, அசைந்த பாதங்களிலேயே தெரிந்தது.

கம்ப்யூட்டர் படத்தைக் கோத்து முடிக்கச் செத்த நேரம் ஆனது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. நடுவில் பெரிய குழாய், அதிலிருந்து பிரிந்து போகிற கிளைகள், கிளையின் கிளைகள். எலும்பு இல்லை, தோல் இல்லை. ரத்தம் ஓடுகிற வழி மட்டும் தனியாக நின்றது. டாக்டரம்மா அதை மவுஸால் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அண்ணனை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று சுற்றிப் பார்த்தோம். வலது கிளை நூல்போல. இடது கிளை தொடங்குகிற இடத்தில் மட்டும் இறுகியிருந்தது. அதைத் தாண்டினால் நல்ல அகலம்.

“இந்த ஒரு இடம்தான்” என்றாள். “இதைப் பலூன் விட்டு விரிச்சிடலாம். எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தேடறதுக்காக அங்கயும் மருந்தை ஊத்த வேண்டாம்.”

அப்படியேதான் ஆயிற்று. அடுத்த மாதமே விரித்தார்கள். பிரஷர் இறங்கியது. அந்த ஒற்றைச் சிறுநீரகம் பிழைத்துக்கொண்டது. மதினி குழம்பில் மறுபடி உப்புப் போட்டாள், டாக்டர் சொன்ன அளவுக்கு.

ஆனால் படம் வந்த அன்று மதினி அடைப்பைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாதி மருந்துக்கா இம்புட்டுப் படம்?” என்றாள். “அவிய முழுசா வந்துட்டாவளே.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தான், காதில் ஒட்டியிருந்த பஞ்சை இன்னும் தட்டிக்கொண்டே.

“உள்ள சத்தம் பயங்கரமா இருந்துச்சாண்ணே?”

“எங்க மில்லுல நூல் நூக்குற ரிங் பிரேம் சத்தத்துக்கு இது தாலாட்டுட்டி.”

“நான் போதும்னு சொல்லவே இல்லியே. வார்த்த வரல எனக்கு. பொறவு எப்படி மூச்ச விட்ட?”

“நீ என்னைக்குச் சொல்லி நான் வந்திருக்கேன்?” என்றான். “அழுத. வந்துட்டேன்.”

“காதுல பஞ்சு வச்சிருந்தாங்களே.”

அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “தண்ணிக்குள்ள எல்லாம் கேக்கும்ட்டி” என்றான்.

இந்தத் தடவை நான் நம்பினேன்.